இரண்டு நிறுத்தங்கள்

பேரிகைச் சாலையில் எங்கள் கம்பெனி பஸ்
நானூறு மீட்டருக்குள் இரண்டு முறை நிற்கிறது.
டீசல் கணக்கில் அதைக் கண்டுபிடித்தவர்
ஒகுமுரா சான்.
டப்பாவில் ஒரு போல்ட் அதிகம் இருந்தாலும்
அன்றிரவு தூங்காதவர்.
"நஸெ?" என்றார். ஏன்?

மொழிபெயர்ப்பாளர் நான்.
எச்.ஆர். சென்னகேசவன் ஏசி ரிமோட்டைப் பார்த்தார்.
"ஏதாவது சொல்லும்மா. டிராபிக்னு சொல்லு."

ஷகாய் என்று தொடங்கலாம். சமூகம்.
இஸ்திரி போட்ட சொல்;
அதற்குள் யாருக்கும் வியர்க்காது.

செகென்? அது நம்முடைய 'நாலு பேர்'.
நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறோமே,
அந்த நாலு பேர்.
யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.
ஆனால் பஸ் எங்கெங்கே நிற்க வேண்டுமென்று
டிரைவருக்குச் சொன்னது அவர்கள்தான்.

கைக்யூ, வர்க்கம்.
யூனியன் பலகைக்குப் பொருந்தும்.
இங்கே இரண்டு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களுக்கு
ஒரே நீலச் சட்டை, ஒரே சம்பளம்,
ஒரே காண்டிராக்டர் கட்டாமல் விட்ட ஒரே பி.எஃப்.

மிபுன் மிக அருகில் வருகிறது. பிறப்பு தந்த படி.
ஆனால் அந்தச் சொல் வாள் வைத்திருக்கிறது,
கொண்டை போட்டிருக்கிறது.
வரலாற்றுப் பாடமென்று அவர் தலையாட்டிவிடுவார்.
காலை ஆறு இருபது ஷிப்டுக்கு
அது பஸ் ஏறாது.

சாதிக்கு நேராகவே ஒன்று உண்டு: காஸுதோ.
சொன்னால், "ஆ, இந்தியா" என்பார்.
அந்த 'ஆ'வோடு கேள்வி முடிந்துவிடும்.

அதனால் இடத்தைச் சொல்லப் போனேன்.
முதல் நிறுத்தம் முரா, ஊர்.
இரண்டாவது காலனி.
காலனி என்றால் குடியிருப்பு, வேறொன்றுமில்லை.
அகராதியில் தேடி வைத்திருந்ததைச் சொன்னேன்:
புராகு.

அவர் பேனா நின்றது.
கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.
"சிற்றூர் என்றுதான் பொருள்," தணிந்த குரலில்,
"ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது."

கதவைப் பார்த்த அந்தப் பார்வையை
எங்கள் வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன்.
காலனி என்று சொல்லும்போது
அப்பாவின் குரலும்
இதே அளவுதான் இறங்கும்.

பெயர்ச்சொற்கள் தீர்ந்துபோயின.
வினைச்சொல்லுக்கு வந்தேன்.
"முரா கா வகரெதே இமஸ்."
ஊர் பிரிந்திருக்கிறது.
பால் திரிந்திருக்கிறது,
சுவர் விரிந்திருக்கிறது என்பது போல.
தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண்.
அர்த்தம் புரியாமலே சென்னகேசவன்
நாற்காலியில் சாய்ந்தார்.

கண்ணாடிக்கு வெளியே இரண்டாம் ஷிப்டு இறங்கிக்கொண்டிருந்தது.
மாதையன், பின்வாசல் வழியாக,
டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கி.
போன வாரம் கேன்டீனில் கேட்டான்,
"அக்கா, நாங்க-ங்கறதுக்கு ஜப்பான்ல என்ன?"
வதாஷிதாச்சி என்றேன்.
"நாம-ங்கறதுக்கு?"
அதற்கும் அதேதான்.
"அப்ப எப்படிக்கா கண்டுபிடிப்பாங்க?"
எனக்குத் தெரியவில்லை. டீ ஆறிவிட்டது.

"மன்னிக்கவும், திருத்துகிறேன்," என்றேன்.
ஓர் அசையை எடுத்துவிட்டால் போதும்.
"வகெதே இமஸ்."
தமிழில் ஒரு 'ந்' போய் ஒரு 'த்' வரும்,
நகக்கண் அளவு:
பிரித்து
வைத்திருக்கிறார்கள் என்றோ
வைத்திருக்கிறோம் என்றோ
அந்த மொழி சொல்லாது.
எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்கும்.

"யார்?" என்றார் ஒகுமுரா.
குறிப்பேட்டில் ஒரு கட்டம் வரைந்து
காலியாக வைத்திருந்தார்.

நான் ஏறுவது முதல் நிறுத்தத்தில்.
ஆறு வருஷமாக ஜன்னலோரம்.
அடுத்த நிறுத்தம் வரும்போது
பக்கத்து இருக்கையில் என் கைப்பை இருக்கும்.

"வதாஷிதாச்சி," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.
சென்னகேசவன் குனிந்து கேட்டார்,
"டிராபிக்னு சொல்லிட்டியாம்மா?"